பார் விளையாட்டுக்காரர்களின் ஊரில்

வெள்ளி, தலச்சேரி

காலையில் மங்களூர் மெயிலில் வந்து இறங்கியாயிற்று. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரிடம், "பழைய சர்க்கஸ் ஆட்கள் இருக்கிற பக்கம் போகணும்" என்றேன். கோவையில் இப்படிக் கேட்டிருந்தால் ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள். இவர் அலட்டிக்கொள்ளாமல், "எந்தக் கம்பெனி? யாருடைய வீடு?" என்று திருப்பிக் கேட்டார். அவருடைய பெரியம்மாவே பல வருஷம் கம்பி மேல் சைக்கிள் ஓட்டியவராம். "இப்போ என் ஆட்டோவில் ஏறவே பயப்படுவாங்க" என்றார்.

தலச்சேரிக்காரர்கள் தங்கள் ஊருக்கு மூன்று பெருமை சொல்வார்கள்: கிரிக்கெட், கேக், சர்க்கஸ். கிரிக்கெட்டைக் கொண்டுவந்தவர் ஆர்தர் வெல்லஸ்லி, அதாவது பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் என்கிறார்கள். கேக்குக்கு மம்பள்ளி பாபு. 1883ல் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கொடுத்த மாதிரியைச் சாப்பிட்டுப் பார்த்து, அதே போல் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தவர். கேக் வாங்கித் தின்றேன், நன்றாக இருந்தது. நான் வந்தது மூன்றாவது பெருமைக்காக.

லாட்ஜில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, இன்றைக்குப் படித்ததை எழுதிவைக்கிறேன். இந்திய சர்க்கஸ் பிறந்தது இங்கே அல்ல, மராட்டியப் பக்கம். குருந்த்வாட் சமஸ்தானத்துக் குதிரை லாயத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவர் விஷ்ணுபந்த் சத்ரே. ஜூசெப்பே கியரினி என்ற இத்தாலிக்காரர் பம்பாயில் கூடாரம் போட்டிருந்தபோது அதைப் பார்க்கப் போனார். சொந்தமாக சர்க்கஸ் நடத்துகிற அளவுக்கு இந்தியர்கள் இன்னும் வரவில்லை என்று கியரினி சொன்னாராம், சத்ரேவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்ததாம். ரோஷமோ வியாபார புத்தியோ, 1880ல் 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' தொடங்கிவிட்டது. அவர் குதிரையில், அவர் மனைவி அந்தரத்தில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவுகிற பார் விளையாட்டில். 1880ல்! நம் பக்கத்தில் பெண்கள் வாசல் திண்ணைக்கு வரவே யோசித்த காலம்.

ஆனால் எனக்கு சத்ரேயிடம் பிடித்தது வேறொன்று. அவருக்குப் பாட்டுப் பைத்தியம். இந்துஸ்தானி இசையில் குவாலியர் கரானா என்கிற பாட்டு மரபின் பெரிய வித்வான் ஹத்து கானிடம் கற்றவர். குருவின் மகன் ரஹிமத் கான் அபினிப் பழக்கத்தில் விழுந்து, காசியில் பிச்சைக்காரனைப் போல் திரிந்துகொண்டிருந்தார். சத்ரே அவரைக் கண்டுபிடித்துக் கூடவே வைத்துக்கொண்டார். அப்புறம் சர்க்கஸ் போன ஊரெல்லாம் ரஹிமத் கானும் போனார், கச்சேரிகள் நடந்தன. குதிரை, புலி, கோமாளி, கூடவே ஒரு குவாலியர் வித்வான். பிற்பாடு 'பூ கந்தர்வர்', அதாவது பூமியில் வாழும் கந்தர்வர், என்று பெயர் வாங்கியவர் இவர்தான். கடைசியில் குருந்த்வாடிலேயே காலமானார். இந்துஸ்தானி இசையின் ஒரு கிளையைக் காப்பாற்றிக் கொடுத்தது சர்க்கஸ் டிக்கெட் காசு என்பதை சபாக்காரர்கள் சொல்லிக் கேட்டதில்லை.

சனி, சிறக்கரை

சத்ரே தன் கம்பெனியோடு 1880களின் கடைசியில் தலச்சேரிக்கு வந்தார். இங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்றொரு மாஸ்டர், பாசல் மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். களரிப் பயிற்சி உள்ளவர். சத்ரேவுக்கு ஆட்கள் வேண்டும், மாஸ்டரிடம் வளைகிற உடம்போடு பையன்கள் இருந்தார்கள். இரண்டு பேரும் பேசி முடித்துக்கொண்டார்கள். 1901ல் மாஸ்டர் சிறக்கரையில் சர்க்கஸுக்கென்றே பயிற்சிக் களரி தொடங்கினார். 1904லேயே அவருடைய சீடர் பரியாளி கண்ணன் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். அப்புறம் வரிசையாகக் கம்பெனிகள். முதலாளி, மாஸ்டர், மேனேஜர், சமையற்காரர் என்று எந்தக் கூடாரத்துக்குள் போனாலும் ஒரு தலச்சேரிக்காரராவது இருப்பார் என்கிற நிலைமை வந்தது. பின்னாளில் இந்த ஊருக்கு வளைகுடா என்னவோ, அதற்கு முன்னால் அது சர்க்கஸ்.

இந்த ஊர்க்காரர் இன்னொரு கண்ணன், கயிற்றின் மேல் துள்ளிக் குட்டிக்கரணம் போடுகிறவர். 'பாம்பயோ' என்ற பட்டத்தோடு 1930களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆடினார். சுவரொட்டியில் 'இந்தியாவிலிருந்து வந்த மனிதன்'. ஹிட்லர் இவருடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு 'துள்ளும் பிசாசு' என்று சொன்னதாக ஊரில் ஒரு கதை உலவுகிறது. சாட்சி கேட்காதீர்கள். சொல்கிறவர்கள் எல்லாரும் பக்கத்தில் நின்று கேட்ட மாதிரிதான் சொல்கிறார்கள்.

2010ல் கேரள அரசே இங்கே ஒரு சர்க்கஸ் அகாதமி திறந்தது. சில வருஷங்களிலேயே மூடியும் விட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல், ஆட்டோக்காரர் தன் பெரியம்மாவின் சிநேகிதி வீட்டுக்குக் கூட்டிப்போனார். எழுபதைத் தாண்டிய சேச்சி. சின்ன ஓட்டு வீடு, வாசலில் செம்பருத்தி. உள்ளே சர்க்கஸ் படம் ஒன்றுகூட மாட்டவில்லை, சுவர் முழுக்கப் பேரப்பிள்ளைகள்தான். என் தமிழைக் கேட்டதும் அவரும் தமிழுக்கு மாறினார். நல்ல மதுரைத் தமிழ். "தமுக்கத்தில் எத்தனை தடவை கேம்ப் போட்டிருக்கோம், உங்க ஊர் வ.உ.சி. மைதானத்தில் எத்தனை தடவை! தமிழ் வராம இருக்குமா?" வங்காளி, மராத்தி, நேபாளி எல்லாம் பாதிப் பாதி தெரியுமாம்.

ஏழெட்டு வயதில் கம்பெனிக்குப் போனவர். அப்பா முன்பணம் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். "அழுதீங்களா?" என்று கேட்டேன். "மூணு வேளை சோறு போட்டாங்க மோளே. வீட்ல ஒரு வேளை." இதைக் கேட்டுவிட்டு அந்தக் காலமே நல்லது என்று யாரும் கிளம்ப வேண்டாம். சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2011ல் உச்ச நீதிமன்றம் சொன்னது சரி என்பதே என் கட்சி. சோற்றுக்காகப் பிள்ளையை அனுப்ப வேண்டி வந்ததுதான் அங்கே குற்றம். சேச்சியும் தன் பேத்தியை அனுப்பியிருக்க மாட்டேன் என்கிறார். ஆனால் தன் வாழ்க்கையைப் பற்றி யாராவது 'ஐயோ பாவம்' என்றால் அவருக்குக் கோபம் வருகிறது. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

பார் விளையாட்டில் எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்டேன். "கையை நீட்டு" என்றார். நீட்டினேன். என் விரல்களைத் தொடவே இல்லை. மணிக்கட்டுக்கு மேலே, முழங்கைப் பக்கமாகப் பிடித்து, அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து மணிக்கட்டில் இறுக்கினார். அந்த வயதிலும் என்னால் உருவ முடியவில்லை. உள்ளங்கை மரக்கட்டை, விரல்களின் அடியில் தடிப்பு இன்னும் கரையவில்லை. "விரலைப் பிடிச்சா போச்சு. எலும்பு இருக்கிற இடத்தைப் பிடிக்கணும். பறந்து வர்றவ பிடிக்கவே கூடாது, தேடக் கூடாது. கையை நீட்டி வச்சிட்டு சும்மா வரணும். எதிரே தலைகீழாத் தொங்கறவன் பிடிப்பான். இவளும் தேடினா ரெண்டு பேர் கையும் மோதும்." புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இந்தச் சும்மா வருவதுதான் வராதாம். குட்டிக்கரணத்தை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்கிறவர்கள்கூட இதற்கு வருஷக்கணக்காக எடுத்துக்கொள்வார்களாம்.

அதற்கும் முன்னால் சொல்லிக்கொடுப்பது விழுவதற்கு. வலையில் காலை ஊன்றி விழுந்தால் முட்டி போகும், குப்புற விழுந்தால் முகம் கிழியும். முகவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு முதுகு அகலமாகப் பட விழ வேண்டும். விழுந்தால் உடனே ஏணியில் ஏறி அதே ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும். "அன்னைக்கே ஏறலைன்னா மறுநாள் ஏணியே ஏற மாட்டா."

பாரில் ஜோக்கர் ஒருவன் ஏறுவான், ஊஞ்சலில் தொங்கும்போது அவன் கால்சட்டை உருவிக்கொள்ளும், உள்ளே இன்னொரு வண்ணக் கால்சட்டை இருக்கும், கூடாரமே சிரிக்கும். நாம் எல்லாரும் சின்ன வயதில் பார்த்ததுதான். பல கம்பெனிகளில் அந்த ஜோக்கர்தான் மொத்தக் குழுவிலும் கெட்டிக்காரராம். தப்பு செய்கிற மாதிரி சரியாகச் செய்வதற்கு அனுபவசாலி வேண்டும். சேச்சி கல்யாணம் செய்துகொண்டது அப்படி ஒரு ஜோக்கரைத்தான். "ரொம்ப சீரியஸான ஆள், வீட்ல சிரிக்கவே மாட்டார்" என்றார்.

கிளம்பும்போது மாநில அரசு கொடுக்கும் சர்க்கஸ் கலைஞர் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருக்கு வருகிறது. சிநேகிதி ஒருத்திக்கு வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு போனதாம். வேலை பார்த்த கம்பெனியே இல்லாதபோது யாரிடம் போய் சான்று வாங்குவது?

ஞாயிறு, தலச்சேரி

மழை. வெளியே போக முடியவில்லை. லாட்ஜுக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஓய்வுபெற்ற சர்க்கஸ் மேனேஜர் ஒருவரைப் பிடித்தேன், அல்லது அவர் என்னைப் பிடித்தார். நான்கு டீ. கதைகள் எல்லாம் வங்காளம்.

முதல் ஆள் சுரேஷ் பிஸ்வாஸ். 1861ல் நதியா மாவட்டத்தில் பிறந்தவர். வீட்டோடு சண்டை, கப்பல் ஏறி இங்கிலாந்துக்கு ஓட்டம், அங்கே ஒரு சர்க்கஸில் சேர்ந்து சிங்கம் பழக்குகிறவர் ஆனார். இது வரைக்கும் சரி, ஓடிப்போகிற பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு. 1885ல் பிரேசில் போய்ச் சேர்ந்தவர், சர்க்கஸை விட்டுவிட்டு அந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். 1893ல் அங்கே கடற்படை கலகம் செய்தபோது நிதெரோய் சண்டையில் அரசாங்கத்தின் பக்கம் நின்று பெயர் எடுத்தார், அதிகாரியாகவும் உயர்ந்தார். 1905ல் ரியோவில் காலமானார். கடைசி வரை ஊர் திரும்பவில்லை. "சிங்கக் கூண்டுக்குள்ள போயிட்டு வந்தவனுக்கு ராணுவம் பெரிசா?" என்றார் மேனேஜர். எனக்கென்னவோ, கல்கத்தாவில் இருந்த அவருடைய அப்பாவை எதிர்கொள்வதைவிட இரண்டுமே சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

இரண்டாவது சுசீலா சுந்தரி. பிரியநாத் போஸின் கிரேட் பெங்கால் சர்க்கஸில் புலிக்கூண்டுக்குள் போன பெண். இந்தியாவில் அப்படிப் போன முதல் பெண் என்று சொல்லப்படுகிறவர். கையில் சாட்டை கிடையாது, கம்பு கிடையாது. லட்சுமி, நாராயண் என்று இரண்டு புலிகள், ரேவா மகாராஜா கொடுத்த பரிசு. அவற்றோடு மல்லுக்கட்டி, முத்தம் கொடுத்துவிட்டு வெளியே வருவார். உயிரோடு புதைத்துக்கொள்கிற வித்தையும் செய்தவர். கடைசியில் ஃபார்ச்சூன் என்ற வேறொரு புலி பாய்ந்து படுகாயப்படுத்தியது, ஆட்டம் முடிந்தது. பிறகும் பல வருஷம் உயிரோடு இருந்தார், 1924ல் காலமானார்.

இந்த இடத்தில் நான் விலங்குகளைப் பற்றி ஆரம்பித்தேன். மேனேஜர் டீயை வைத்துவிட்டார். 1998ல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் வித்தை காட்டுவதற்குத் தடை செய்தது. சர்க்கஸ்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2000ல் கேரள உயர் நீதிமன்றமே தடை செல்லும் என்று சொன்னது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சர்க்கஸின் தாய்வீட்டு நீதிமன்றம் அப்படிச் சொன்னதை அவர் இன்னும் சொந்தக்காரர் செய்த துரோகமாகவே நினைக்கிறார். "பிள்ளையா வளர்த்தோம்" என்றார். வளர்த்திருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கூண்டு வண்டியிலேயே ஊர் ஊராகப் போன பிள்ளை. சென்னை வண்டலூரில் சர்க்கஸிலிருந்து வந்த சிங்கங்களுக்காக மறுவாழ்வு மையம் வைத்தார்கள் என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே போய் எட்டிப் பார்க்க முடியுமா என்று விசாரித்தும் இருக்கிறார்.

யானைகளைப் பற்றி மட்டும் நாங்கள் சண்டை போடவில்லை. கூடாரத்தின் நடுத் தூண்களை நிமிர்த்துவது, சேற்றில் மாட்டிய லாரியை இழுப்பது எல்லாம் யானை வேலை. ஆட்டம் என்பது அதற்குக் கூடுதல் பணி. இப்போது கிரேன் வாடகைக்கு எடுக்கிறார்கள். "கிரேன்காரன் ராத்திரி ரேட்டு கேப்பான், யானை கேக்காது." யானையிடம் யாரும் கேட்கவும் இல்லை என்று சொல்ல வந்தேன், மழை விட்டிருந்தது, எழுந்துவிட்டோம்.

திங்கள், கண்ணூர்

தலச்சேரியிலிருந்து அரை மணி நேர ரயில். ஜெமினி சங்கரன் வாழ்ந்த ஊர் என்பதால் வந்தேன். கொளச்சேரிப் பையன், சிறுவயதில் கீலேரி மாஸ்டரிடம் பழகியவர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, கல்கத்தாவில் சர்க்கஸில் பார் ஆடினார். 1951ல் நண்பர் சகாதேவனோடு சேர்ந்து, நொடித்துப்போன விஜயா சர்க்கஸை 6,000 ரூபாய்க்கு வாங்கினார். பெயரை மாற்ற வேண்டும், தன் ராசி மிதுனம், ஆங்கிலத்தில் ஜெமினி, வைத்துவிட்டார். நாடு முழுக்கத் தெரிந்த ஒரு பெயர் ஜாதகத்திலிருந்து வந்திருக்கிறது! முதல் காட்சி 1951 ஆகஸ்ட் 15, குஜராத்தின் பிலிமோராவில். 2023 ஏப்ரலில், 98 வயதில் காலமானார். இத்தனை வருஷம் கழுத்தை முறித்துக்கொள்ளாமல் வாழ்ந்ததே பெரிய வித்தை.

ஊருக்கு வெளியே ஒரு கம்பெனி கேம்ப் போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு சாயங்காலக் காட்சிக்குப் போனேன். திங்கட்கிழமை, பாதிக் கூட்டம். முன்பெல்லாம் சர்க்கஸ் வந்தால் ராத்திரி வானத்தில் சர்ச்லைட் சுற்றும், அதைப் பார்த்துப் பிள்ளைகள் வீட்டில் அடம் பிடிப்பார்கள். இங்கே அது இல்லை, ஃபிளெக்ஸ் போர்டும் வாட்ஸ்அப்பும்தான். நடு வளையம் மட்டும் மாறவில்லை. 1768ல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி குதிரைகளை வட்டமாக ஓடவிட்டார். குதிரை முதுகில் நிற்கிறவன் தடுமாறாமல் இருக்க 42 அடி விட்டமே பொருத்தம் என்று அந்தக் காலத்திலேயே நிலைத்துவிட்டது. உலகம் பூராவும் அதே அளவு. குதிரை போய்விட்டது, குதிரைக்காகப் போட்ட வட்டம் இருக்கிறது.

இசையும் பென்டிரைவுக்கு மாறிவிட்டது. பழைய அமெரிக்கக் கம்பெனிகளில் பேண்டுக்கு ஒரு ரகசிய வேலை இருந்தது. ஒரு குறிப்பிட்ட அணிவகுப்பு இசையை வாசித்தால் ஆபத்து என்று கலைஞர்களுக்கு அர்த்தம், ஜனங்களுக்குத் தெரியாது. 1944 ஜூலையில் ஹார்ட்ஃபர்ட் நகரில் கூடாரம் தீப்பிடித்தபோது பேண்ட் அதைத்தான் வாசித்தது. மழை ஒழுகாமல் இருக்க பாரஃபின் மெழுகும் பெட்ரோலும் கலந்து பூசிய துணி, சில நிமிஷத்தில் எரிந்துபோனது. 160 பேருக்கு மேல் இறந்தார்கள். இது ஞாபகம் வந்ததும் வெளியேறும் வழி எங்கே என்று பார்த்துக்கொண்டேன். இருந்தது, இரண்டு.

எத்தியோப்பியப் பையன்கள் வளையங்களுக்குள் பாய்ந்தார்கள். மணிப்பூர்ப் பெண்கள் துணியில் தொங்கிச் சுழன்றார்கள். இரும்பு உருண்டைக்குள் மூன்று பைக், ஒரே புகை. மலையாளிகள் மேனேஜரும் டிக்கெட் கிழிப்பவரும் மட்டும்தான். பிள்ளைகளைக் கல்ஃபுக்கு அனுப்ப முடிகிற வீட்டிலிருந்து யார் இங்கே வருவார்கள்?

கடைசியில் பார். நான் விளையாட்டைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் சுத்தமாகப் போய் வந்தார்கள். நான்காவது, இருபது வயது இருக்கும், ஒன்றரைக் குட்டிக்கரணத்துக்குப் பிறகு கையைத் தேடினாள். எனக்கே தெரிந்தது. எதிரே தொங்கியவரின் கையில் இவள் கை இடித்து, நழுவி, வலையில் விழுந்தாள். கூட்டம் ஹோவென்றது. அவள் வலையிலேயே எம்பி எழுந்து, ஓரத்துக்கு ஓடி, ஏணியில் ஏறினாள். இரண்டாம் முறை பிடி விழுந்தது. அப்புறம் ஜோக்கர் வந்து கால்சட்டையைப் பறிகொடுத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த சிறுவன் பெஞ்சிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தான்.

வெளியே வந்து ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது சேச்சிக்கு போன் செய்து சொன்னேன்.

"எப்படி விழுந்தா?"

"முதுகு பட."

"அப்ப சரி. பிடிக்கிறவன் ஆள் புதுசா?"

"தெரியலை சேச்சி."

"கூட்டம்?"

"பாதிதான்."

"திங்கட்கிழமை எங்க காலத்திலேயும் பாதிதான். டிக்கெட் எவ்வளவு?"

சொன்னேன். "அவ்வளவா!" என்று அதிர்ந்துபோனார். சீரியல் ஆரம்பித்துவிட்டது, நாளைக்குப் பேசலாம் என்று வைத்துவிட்டார்.